உள்ளறைக்கு என்ன நிறம்

திருநெல்வேலி,
12 ஜூலை 2024

சம்பந்தியம்மாள் ஆவுடையம்மாள் அவர்களுக்குக் காந்திமதி எழுதுவது.

நேற்று உங்கள் போனை எடுக்காமல் விட்டது நான்தான். பேத்தி சங்கரி விளையாடிக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை என்றெல்லாம் சாக்குச் சொல்ல மாட்டேன். போன வாரம் நாம் இருவரும் போட்ட சண்டையைக் கேட்டு என் மகன் விஜய்சங்கர் என் கையிலிருந்த போனைப் பிடுங்கிக் கட் செய்துவிட்டான். இனிமேல் இரண்டு பேரும் பேசவே வேண்டாம், வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள் என்றான். கோபத்தில் சொன்னதுதான். எனக்கு என்னவோ அது சரியென்று பட்டது. தாலுகா ஆபீஸில் எழுதி எழுதியே ரிட்டயர் ஆனவள் நான். எழுதும்போது எனக்கு வார்த்தை தடிக்காது.

விஷயம் ஒன்றுதான். உங்கள் மகள் ஆனந்திக்கு இது ஏழாவது மாதம். பிரசவத்துக்குச் சங்கரன்கோவிலுக்கு, உங்கள் வீட்டுக்கு வர ஆசைப்படுகிறாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது முறை. அதை நாங்கள் மீறவில்லை. இரண்டாவதை எங்கே வைத்துக்கொள்வது என்பது நாங்கள் முடிவு செய்ய வேண்டியது. அனுப்பத்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த உள்ளறையின் நிறத்தை நீங்கள் மாற்றியாக வேண்டும்.

எந்த நிறம் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஐவரி, க்ரீம், சந்தனம் என்று பெயிண்டுக் கடைக்காரர் என்ன பெயர் சொன்னாலும் சரி, மஞ்சள் ஓட்டமுள்ள எதுவும் கூடாது. லேசாக நீலம் ஓடுகிற வெள்ளை. பல்பும் வெள்ளை வெளிச்சமாக இருக்க வேண்டும். காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. மூன்று வருஷத்துக்கு முன் சங்கரி பச்சைப் பிள்ளையாக அந்த அறையில் கிடந்தபோது அவளுக்கு மஞ்சள் காமாலை முற்றிக்கொண்டே போனது. ஒருவர் கண்ணிலும் படவில்லை. சுவர் மஞ்சள், பல்பு மஞ்சள், நடுவில் பிள்ளை மஞ்சள். அந்தக் காமாலை காது நரம்பைத் தாக்கியதில் இன்றைக்கு அவளுக்கு இரண்டு காதிலும் மிஷின். கழற்றிவிட்டால் பின்னால் வருகிற பஸ்ஸின் ஹாரன்கூடக் கேட்காது.

நிறத்தை மாற்றினால் ஆனந்தி வருவாள். இல்லையென்றால் இங்கேயே இருப்பாள்.

காந்திமதி


சங்கரன்கோவில்,
17 ஜூலை 2024

மதினிக்கு ஆவுடை எழுதுவது.

நீங்கள் எழுதியே பழகியவர்கள். நான் தறிச் சத்தத்துக்கு நடுவில் கத்தியே பழகியவள். எழுதினாலும் கத்துகிற மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைத்தாய்ச்சி வருகிற வீட்டில் சுவரில் கை வைக்கக் கூடாது என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லையா? அதுவும் ஆடி மாதத்தில்? நல்லது கெட்டது எல்லாம் பார்க்கிறவர்கள் இதை மட்டும் எப்படி மறந்தீர்கள்?

நிறத்துக்கு வருகிறேன். நீல வெள்ளை என்கிறீர்கள். ஆஸ்பத்திரி வராண்டாவுக்குத்தான் அதை அடிப்பார்கள். உள்ளே போனால் உடம்பு சில்லிட்டுப் போகும். இப்போது இருக்கிற ஐவரி நானே கடையில் நின்று பொறுக்கியது. சாயந்திர வெயில் பட்டால் அறையே கதகதப்பாக இருக்கும். பிள்ளை பெற்றவள் படுத்து எழுந்திருக்கிற இடம் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு அடித்தேன். அதில் என்ன குற்றம்?

வெள்ளையைப் பற்றி நீங்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். எங்கள் வீட்டுக்காரர் சங்கரசுப்பிரமணியனும் நானும் துண்டு நெய்து விற்றுத்தான் ஆனந்தியைப் படிக்க வைத்தோம். வெளுக்காத காடாத் துணிக்கும் வெளுத்த துணிக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்?

மனதில் இருப்பதையே சொல்லிவிடுகிறேன். பெயிண்டர் பாண்டிராஜ் எங்கள் தெருக்காரன். நன்றாக இருக்கிற சுவரை ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்பான். அவன் கேட்டால் தெருவே கேட்டது மாதிரி. நான் என்ன சொல்ல? என் பேத்தியின் காதைக் கெடுத்தது இந்தச் சுவர்தான், இதை அடித்த மகராசி நான்தான் என்று சொல்லவா? ஒவ்வொரு கோட்டிங்கும் என் முகத்தில் அடிக்கிற மாதிரி இருக்கும். என்னால் முடியாது.

என் மகளுக்கு என் வீடு போதும். அனுப்பி வையுங்கள்.

ஆவுடை


திருநெல்வேலி,
24 ஜூலை 2024

சம்பந்தியம்மாள் அவர்களுக்கு,

உங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஆனந்தி வருவாள் என்று நீங்கள் எதிர்பார்த்ததாகக் கேள்விப்பட்டேன். புறப்படத்தான் இருந்தாள். நான்தான் கூட்டத்தில் வேண்டாம் என்று நிறுத்தினேன். கூட்டம் மட்டும் காரணமில்லை என்பது உங்களுக்கும் புரிந்திருக்கும்.

பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில்தான் சுவரில் கை வைக்கக் கூடாது. இப்போது அவள் இருப்பது என் வீட்டில். உங்கள் சுவரை நீங்கள் இடித்தே கட்டினாலும் தோஷம் ஒன்றுமில்லை.

கதகதப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கதகதப்பில்தானே எல்லோரும் மயங்கிக் கிடந்தீர்கள்? தங்க நிறம், எலுமிச்சம்பழ நிறம் என்று வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் மெச்சினார்கள். எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு நிறம் பிறந்ததே இல்லை என்று நீங்கள் போட்டோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பினீர்கள். அந்தப் போட்டோ எனக்கும் வந்தது. அது நிறமில்லை, நோய் என்று டாக்டர் சொன்னபோது நீங்கள் எங்கே பார்த்துக்கொண்டு நின்றீர்கள் என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தரையைப் பார்த்தீர்கள். அந்த மாதிரி சுவருக்கு நடுவில் மஞ்சளைக் கண்டுபிடிப்பது எங்களுக்கே கஷ்டம் என்று அவர்தான் சொன்னார். என் கற்பனை இல்லை.

தெரு என்ன சொல்லும் என்பது உங்கள் கவலை. பிறக்கப்போகிற பிள்ளைக்குக் காது கேட்க வேண்டும் என்பது என் கவலை. எட்டாம் மாதத்தில் பெண்ணை அனுப்பும் வழக்கமில்லை. ஒன்பது பிறக்கிறதற்குள் வெள்ளை அடித்து, வாடை போன பிறகு எழுதுங்கள்.

காந்திமதி


சங்கரன்கோவில்,
30 ஜூலை 2024

மதினி,

இதை எழுத வேண்டாம் என்று மூன்று வருஷமாக வாயைக் கட்டி வைத்திருந்தேன். நீங்கள் எழுத வைத்துவிட்டீர்கள்.

அந்தப் பிள்ளையைப் பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்திருந்தால் போதும், எனக்குத் தெரிந்திருக்கும். துணியின் நிறம் பார்க்கப் பத்து தடவை வாசல் வெளிச்சத்துக்கு ஓடுகிறவள் நான். பிள்ளையை ஏன் கொண்டு போகவில்லை? ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே நீங்கள் போன் போட்டீர்களே, என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? எனக்கு ஒரு வார்த்தை மறக்கவில்லை. "பேர் விடுத வரைக்கும் பிள்ளைய வெளி முத்தத்துக்குக் கொண்டு வராதீங்க. நல்ல நிறமா இருக்கு, கண்ணு பட்டுரும்" என்றீர்கள். சம்பந்தி வீட்டுச் சொல்லாச்சே, தட்டக் கூடாது என்று ஜன்னலுக்குப் போர்வையைத் தொங்கவிட்டேன். ஆனந்தி புழுங்குகிறது என்று சொல்லியும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு இசக்கிசெல்வி எட்டிப்பார்க்க வந்தால்கூடக் கதவைப் பாதிதான் திறந்தேன்.

சுவர் என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். கதவைச் சாத்தியது யார்? நிறத்தை மெச்சியதும் நீங்கள்தானே? இத்தனை நாளும் மருமகன் முன்னால் நான் ஒருத்தி மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறேன். நீங்கள் டாக்டர் பக்கத்தில் நின்றுகொண்டு என்னை முறைத்தீர்கள்.

இப்போது சொல்லுங்கள், உங்கள் வீட்டில் எதை மாற்றினீர்கள்?

ஆவுடை


திருநெல்வேலி,
10 ஆகஸ்ட் 2024

சம்பந்தியம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அதை விஜய்சங்கரிடம் காட்டவில்லை. காட்டப் போவதுமில்லை.

ஆனந்தியின் பிரசவம் இங்கேயே நடக்கும். மாடி அறை ஏற்கெனவே வெள்ளைதான். பிரசவம் முடிந்ததும் தகவல் சொல்லுகிறேன், வந்து பார்த்துக்கொள்ளலாம்.

இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

காந்திமதி


சங்கரன்கோவில்,
18 ஆகஸ்ட் 2024

மதினி,

பதில் வேண்டாம் என்றீர்கள். நான் நேரிலேயே வந்தேன். முறுக்கும் அதிரசமும் சுட்டு எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து வந்தவளை ஹாலில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தீர்கள். ஆனந்தி தூங்குகிறாள் என்றீர்கள். மாடியில் அவள் நடக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. உங்களுக்கும் கேட்டது. இரண்டு பேரும் கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தோம். சங்கரி மட்டும் என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு என் உதட்டையே பார்த்தாள். யார் பேசினாலும் அவள் உதட்டைத்தான் பார்க்கிறாள் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அழுதேன். மறுநாள் காலையில் பாண்டிராஜைக் கூப்பிட்டு, உள்ளறைச் சுவரில் புது ஐவரி ஒரு சதுரம், உங்கள் நீல வெள்ளை ஒரு சதுரம், பக்கத்தில் பக்கத்தில் அடிக்கச் சொன்னேன். உங்கள் வெள்ளையைத் தோற்கடிக்க வேண்டும் என்றுதான் அடிக்கச் சொன்னேன், அதையும் மறைக்கவில்லை. காய்ந்த பிறகு தறியிலிருந்து ஒரு துண்டு காடாத் துணியைக் கொண்டுவந்து பிடித்துப் பார்த்தேன். ஐவரியில் வைத்தால் வெளுத்த துணி மாதிரி இருந்தது. வெள்ளையில் வைத்த உடனே பழுப்பு தெரிந்தது. திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன். பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னக்கா, எத அடிக்கச் சொல்லுதிய?" என்று பாண்டிராஜ் கேட்டான். ஏன் மாற்றுகிறேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவன் சுவருக்குப் பட்டி பார்க்கிற தகட்டைத் துடைத்துக்கொண்டே நின்றான். இந்நேரம் தெருவுக்குத் தெரிந்திருக்கும். தெரியட்டும்.

நான்கு சுவருக்கும் வெள்ளையே அடிக்கச் சொல்லிவிட்டேன். நீங்கள் ஜெயித்தீர்கள். போதுமா? இனி என் மகளை அனுப்புங்கள். காலில் விழ வேண்டும் என்றாலும் சொல்லுங்கள், அதற்கும் பஸ் இருக்கிறது.

ஆவுடை


திருநெல்வேலி,
24 ஆகஸ்ட் 2024

மதினிக்கு,

உங்கள் கடிதத்தை ஆனந்தியிடம் கொடுத்தேன். உன் அம்மா வெள்ளை அடிக்கிறாள், ஒன்பது பிறந்துவிட்டது, நல்ல நாள் பார்த்துக் கிளம்பு என்றேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். நின்றபடியே படித்தாள். முந்தின கடிதங்கள் இருக்கின்றனவா என்று கேட்டாள். உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன். நான் என்ன எழுதினேன் என்று கேட்டாள், அதையும் சொன்னேன். எல்லாம் தெரிந்துகொண்ட பிறகு என்னிடம் அவள் கேட்ட கேள்வியை அப்படியே எழுதுகிறேன்.

"அத்தை, செவரு, பல்பு, கதவு எல்லாம் எழுதியிருக்கிய. நான் எங்க இருக்கேன் இதுல? மூணாம் நாளே நான் சொன்னேன், பிள்ள பால் குடிக்க மாட்டேங்கு, எழுப்பினாலும் முழிக்க மாட்டேங்குன்னு. அம்மாகிட்ட சொன்னேன். உங்களுக்கும் போன் போட்டுச் சொன்னேன். ரெண்டு பேரும் என்ன சொன்னிய?"

நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது மதினி. முதல் பிள்ளைக்காரிக்கு எல்லாம் பயமாகத்தான் இருக்கும், பச்சைப் பிள்ளை தூங்கத்தான் செய்யும் என்று சொன்னேன். பேசாமல் படு என்றும் சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அவளே சொன்னாள். நான் சொன்னதையேதான் சொல்லியிருக்கிறீர்கள்.

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. இருட்டிலேயே வைத்திருந்தாலும் சரி, மஞ்சள் சுவராக இருந்தாலும் சரி, தன் பேச்சைக் கேட்டிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம் என்றாள். பிறகு, எனக்கு உங்கள் அறையும் வேண்டாம், அம்மா அறையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். விஜய்சங்கர் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு பார்க்கிறான். பிள்ளை பிறந்த பிறகும் நம் இருவரில் யாரும் கூட இருக்க வேண்டாம் என்பது அவள் எண்ணம்.

எத்தனையோ கோப்பு எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை எழுதுவதற்குத்தான் மூன்று தாளைக் கிழித்தேன்.

காந்திமதி


சங்கரன்கோவில்,
27 ஆகஸ்ட் 2024

மதினி,

படித்தேன். அவள் சொன்னது நிஜம். அந்தக் கட்டில் ஓரத்தில் நின்றுதான் சொன்னாள். நான் அவளுக்குக் கொடுக்கப் பூண்டு போட்ட உள்ளிச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாண்டிராஜை நிறுத்தி வைத்திருக்கிறேன். இரண்டு சதுரத்தோடு சுவர் அப்படியே நிற்கிறது. நீங்கள் ஒன்று சொன்னீர்கள், நான் ஒன்று சொன்னேன். அவளுக்கு என்ன நிறம் வேண்டும் என்று இதுவரை யாராவது கேட்டோமா? நீங்கள் கேட்டு எழுதுங்கள். என்னிடம் பேச மாட்டாள். வரச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். வர வேண்டும் என்று நான் சொன்னதாகவும் சொல்ல வேண்டாம். நிறத்தை மட்டும் கேளுங்கள்.

ஆவுடை


திருநெல்வேலி,
2 செப்டம்பர் 2024

மதினிக்கு,

கேட்டேன். மறுநாள் சங்கரிக்குத் தலை சீவிக்கொண்டே சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். குறுக்கே பேசவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

"வெள்ளையே அடிக்கச் சொல்லுங்க. ஆனா செவர நம்பி இருக்காண்டாம்னு அம்மாகிட்ட சொல்லுங்க. நான் கூப்பிட்டா உடனே வரணும். ஏன்னு கேக்கக் கூடாது. அதுக்கு அம்மா சரின்னா வாரேன்."

எனக்கும் ஒரு நிபந்தனை உண்டு. பிள்ளை பிறந்து அவள் கூப்பிடுகிறவரை நான் அங்கே வரக் கூடாது. உங்களுக்கும் சேர்த்துச் சரி என்றேன். விஜய்சங்கரும் வாடகை வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

பெயிண்ட் வாடை போக நாள் விட்டு, அடுத்த வாரம் வியாழக்கிழமை காரில் கொண்டுவந்து விடுவான். சங்கரியும் வருகிறாள். அவள் மிஷினுக்கு பேட்டரி பையில் வைத்திருக்கிறேன். நம் வழக்கம், அது இது என்று நான் இனி போன் செய்ய மாட்டேன். ஜன்னலைத் திறந்து வைப்பதும் மூடுவதும் அவள் இஷ்டம்.

காந்திமதி


சங்கரன்கோவில்,
4 அக்டோபர் 2024

மதினிக்கு,

பேரன் பிறந்த செய்தி மருமகன் சொல்லியிருப்பார். இது அதற்குப் பிறகு நடந்தது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இதை எழுதினால்தான் எனக்கு ஆறும்.

வீட்டுக்கு வந்த மறுநாள். சங்கரி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். மத்தியான நேரம். ஆனந்தி கூப்பிட்டாள். போனேன். "அம்மா, இவன் சரியா குடிக்க மாட்டேங்கான்" என்றாள்.

பார்த்தேன். வெள்ளைச் சுவர், திறந்த ஜன்னல், அத்தனை வெளிச்சம். பிள்ளை ரோஜாப்பூ மாதிரி இருக்கிறான். கண்ணைப் பிரித்துப் பார்த்தேன், வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. உள்ளங்கால் வரை பார்த்துவிட்டேன், ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. காலையில் நானே பார்த்தேன், நன்றாகத்தான் குடித்தான். எல்லாப் பிள்ளையும் அப்படித்தான், கொஞ்சம் பொறு என்ற வார்த்தை என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது மதினி. சாமி சத்தியமாகச் சொல்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுப்பை அணைத்தேன். சங்கரியை இசக்கிசெல்வியிடம் விட்டேன். ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

அந்த வெயிலில் ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்ததும் நர்ஸ் ஏஞ்சல் பயந்துபோய் ஓடி வந்தாள். டாக்டரம்மா எடை பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார், அங்கேயே வைத்துப் பால் கொடுக்கச் சொன்னார். அந்தப் பயல் ஒன்றுமே நடக்காத மாதிரி மளமளவென்று குடிக்கிறான். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். எதுக்கு இப்படி அரக்கப் பரக்க ஓடி வந்தீர்கள் என்று ஏஞ்சல் என்னைக் கேலி செய்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

திரும்பி வரும்போது ரயில்வே கேட்டில் ஆட்டோ நின்றது. அப்போதுதான் ஆனந்தி கேட்டாள்.

"பிள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு உனக்குத் தெரியும்லா? பார்த்தேல்லா? பெறகு ஏம்மா வந்த?"

"நீ சொன்னே, வந்தேன்" என்றேன்.

கேட் திறக்கிறவரை அழுதாள். சங்கரி பிறந்ததிலிருந்து இன்றுவரை அவள் என் முன்னால் அழுது நான் பார்த்ததில்லை. பிள்ளையை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆவுடை